ஓர் ஏக்கரின் பன்னிரண்டு மாதங்கள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இயற்கை விவசாயம் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். நான் வேளாண்மை படித்தவள் அல்ல. உங்களைப் போல அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியர். மாதனூர் ஒன்றியத்தில், பாலாற்றங்கரையை ஒட்டி, என் மாமனார் வழியில் வந்த 1 ஏக்கர் 20 செண்ட் நிலம் இருக்கிறது. அதில் நானும் என் கணவரும் மாமியாரும் ஏழு ஆண்டுகளாக ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாமல் பயிர் செய்கிறோம்.

இயற்கை விவசாயம் என்றதும் இரண்டு விதமான பேச்சுகளைக் கேட்டிருப்பீர்கள். ஒன்று, செலவே இல்லாமல் லட்சம் லட்சமாய் லாபம் என்பது. இன்னொன்று, அதெல்லாம் சம்பளக்காரர்களின் பொழுதுபோக்கு என்பது. என்னிடம் இருப்பது ஒரு கோடுபோட்ட நோட்டு. மாதத்துக்கு ஒரு பக்கம்: வரவு, செலவு, மழை, கிணற்றுத் தண்ணீர், பூச்சி, வேலைக்கு வந்த ஆட்கள். அந்த நோட்டிலிருந்துதான் பேசப்போகிறேன். ஜூன் மாதம் பள்ளிக்கு மட்டுமல்ல, நிலத்துக்கும் புத்தாண்டு. ஆகவே ஜூனிலிருந்தே தொடங்கலாம். அதற்கு முன் நம் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம் மண்ணின் கதை

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரம் வழியாக வந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. ஓடுகிறது என்பதைவிட மணலுக்கு அடியில் ஊர்கிறது என்பதே சரி. அந்த ஊற்றை நம்பித்தான் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஊர்களில் கழனியும் இருந்தது, தோல் தொழிலும் வளர்ந்தது. பழைய காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதனிட்டார்கள். 1970களுக்குப் பிறகு குரோமிய உப்பு கொண்டு பதனிடுவது பரவியது. தோல் கெடாமல் இருக்கப் போடும் சமையல் உப்பும் சேர்ந்து, கழிவுநீர் ஓடைகளிலும் ஏரிகளிலும் இறங்கியது.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வந்த ஆய்வு விவரத்தை அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. மாசுபடுத்துபவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதற்கு நம் ஊர் வழக்கும் முக்கியக் காரணம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. நிலைமை முன்பைவிட மாறியது. ஆனாலும் வழக்கு முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மற்ற மாவட்டத்து விவசாயி "நான் யூரியா போடவில்லை, மருந்து அடிக்கவில்லை, ஆகவே என் காய் இயற்கைக் காய்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். நம் பகுதியில் அது போதாது. நாம் போடாமலே நம் மண்ணுக்கு வந்து சேர்ந்தது என்ன என்றும் பார்க்க வேண்டும். இங்கே இயற்கை விவசாயம் அளந்து பார்ப்பதில் தொடங்குகிறது.

ஜூன், ஜூலை: செலவு மட்டும்

இந்த இரண்டு மாதங்களில் என் நோட்டில் வரவுப் பக்கம் ஏறக்குறைய காலி. டிராக்டர் உழவு, விதை மல்லாக்கொட்டை, கூலி எல்லாம் ஒன்றாக வரும். அதே வாரத்தில்தான் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணமும் சீருடையும். விவசாயக் குடும்பங்கள் கைமாற்று வாங்குவதும் இந்த மாதத்தில்தான். நம் வகுப்பில் நோட்டு வாங்காமல் வரும் பிள்ளையை ஜூன் மாதத்தில் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும் என்பதை என் நோட்டு எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

60 செண்டில் மானாவாரியாக வேர்க்கடலையும், இடையிடையே வரிசையாகத் துவரையும் விதைக்கிறோம். காய்கறி போடும் 40 செண்டில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் நேரத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழுகிறோம். உவர் மண்ணிலும் தக்கைப்பூண்டு வளரும். மக்கினால் மண்ணின் இறுக்கம் தளரும். நம் பகுதிக்கு இதைவிட நல்ல உரம் இல்லை.

முதல் கனமழை பெய்த மறுநாள் இரவு விளக்குப் பொறி வைக்க வேண்டும். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக உறங்கிய சிவப்புக் கம்பளிப்புழு அப்போதுதான் அந்துப்பூச்சியாக வெளியே வரும். அந்த நான்கைந்து இரவுகளைத் தவறவிட்டால் அடுத்த மாதம் கொல்லை முழுக்கப் புழு ஊரும். ரசாயன விவசாயத்தில் புழுவைக் கண்ட பிறகு மருந்து தேடலாம். நமக்குப் புழு வருவதற்கு முன்பே தேதி தெரிந்திருக்க வேண்டும். நோட்டின் பயன் அங்கே தெரியும்.

ஆகஸ்ட், செப்டம்பர்: களையும் ஆள் பற்றாக்குறையும்

இயற்கை விவசாயத்தில் பெரிய செலவு எருவோ கரைசலோ அல்ல. களை எடுக்கும் கூலி. ஜீவாமிர்தத்துக்கு என்ன ஆகிறது? ஒரு ஏக்கருக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண், 200 லிட்டர் தண்ணீர். மாடு வீட்டில் இருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். களை எடுக்கவோ பத்துப் பெண்கள் வேண்டும்.

எங்கள் ஊர்ப் பெண்களில் பலர் காலை ஏழரை மணிக்கே ஷூ கம்பெனி வேனில் ஏறிவிடுகிறார்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., வெயில் இல்லாத இடம். அவர்கள் போவதில் தவறே இல்லை. நம் மாணவர்களின் வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். அதனால் நாங்கள் களையெடுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். ஆள் கிடைக்கிற நாளுக்கு ஏற்ப எவ்வளவு விதைப்பது என்று முடிவு செய்கிறோம். நிலம் இருக்கிறதே என்று முழுவதும் விதைப்பதில்லை.

செப்டம்பரில் 25 செண்டில் கத்தரி நாற்று. அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் மண்ணின் கத்தரி. காம்பில் முள் குத்தும், பறிப்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அதை விட்டால் வேறில்லை. மீதி 15 செண்டில் அவரை, வெண்டை, மிளகாய்.

அக்டோபர், நவம்பர்: மேலும் கீழும்

ஆண்டின் மிகப் பெரிய ஏற்ற இறக்கம் இங்கேதான். கடலை முற்றி, பிடுங்க வேண்டிய வாரத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். நான்கு நாள் தள்ளிப் போட்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அவசரப்பட்டுப் பிடுங்கினால் காயவைக்க வெயில் இருக்காது. மலையடிவாரத்துக் காட்டுப்பன்றிகளுக்கும் இதே வாரம்தான் விருந்து. ஒரு வருடம் இரண்டே இரவில் கால்வாசிக் கடலை போயிற்று. நோட்டில் அந்தப் பக்கத்தில் என் கணவர் எழுதியிருப்பது ஒரே சொல்: "பன்றி."

2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை யாரும் மறக்க முடியாது. ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் போனது. 1903 வெள்ளத்துக்குப் பிறகு இப்படி வந்ததில்லை என்றார்கள் பெரியவர்கள். அந்த வருடம் எங்கள் கத்தரிப் பாத்தி பத்து நாள் தண்ணீரில் நின்று அழுகியது. வரவு இல்லை. ஆனால் அடுத்த கோடையில் கிணற்று நீரின் உப்பு, ஏழு ஆண்டிலேயே மிகக் குறைவாக இருந்தது. ஒரே வெள்ளம் பயிரை அழித்தது. கிணற்றைக் கழுவிக் கொடுத்தது. வரவு செலவுக் கணக்கை மட்டும் எழுதியிருந்தால் இந்த இரண்டாவது பாதி எனக்குத் தெரிந்தே இருக்காது.

டிசம்பர், ஜனவரி: நிறைய காய், குறைந்த விலை

பண்ணையைப் பார்க்க யாராவது வந்தால் ஜனவரியில் அழைத்துப் போங்கள் என்பார் என் கணவர். கத்தரி காய்க்கும், அவரை படரும், துவரை அறுவடைக்கு வரும், பொங்கல் வரும். சமூக ஊடகத்தில் வரும் இயற்கைப் பண்ணைப் படங்கள் எல்லாம் அநேகமாக ஜனவரிப் படங்கள்தான்.

ஆனால் நமக்குக் காய்க்கும்போது ஊருக்கே காய்க்கும். மண்டியில் கத்தரி கிலோ 12 ரூபாய்க்கு இறங்கிய ஜனவரியும் உண்டு. பறிக்கும் கூலிக்கே சரியாகிவிடும். அதனால் மண்டிக்குப் போடுவதைக் குறைத்துவிட்டு, முப்பது வீடுகளுக்கு ஆண்டு முழுவதும் ஒரே விலையில் கொடுக்கிறோம். ஜனவரியில் அவர்கள் சந்தையைவிடக் கூடுதலாகத் தருகிறார்கள். மே மாதத்தில் நாங்கள் சந்தையைவிடக் குறைவாக வாங்குகிறோம். கடலை வந்த 60 செண்டில் இப்போது கேழ்வரகு நிற்கும்.

பிப்ரவரி முதல் மே வரை: உப்பு ஏறும் காலம்

மார்ச்சில் கேழ்வரகு அறுவடை. நமக்குப் பொதுத்தேர்வுப் பணி. கதிர் அறுப்பதும் தேர்வு அறைக் கண்காணிப்பும் எப்போதும் ஒரே நாளில் வரும். அந்த மாதத்தை முழுக்கத் தாங்குபவர் என் மாமியார்.

ஏப்ரலில் கிணறு இறங்கும். இறங்க இறங்க உப்பு ஏறும். கையடக்க மீட்டர் ஒன்றால் மாதம் ஒருமுறை அளக்கிறேன். சென்ற ஆண்டு டிசம்பரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 850 மில்லிகிராம். மே மாதம் 2,100. குடிநீருக்கு 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தரநிலை. மே மாதத் தண்ணீரைப் பயிருக்குப் பாய்ச்சினால் வரப்போரம் வெள்ளை பூக்கும். ஆகவே அந்த மாதம் காய்கறி வைப்பதில்லை. விலை கிலோ 50 ரூபாய் ஆனாலும் சரி, நிலத்துக்கு விடுமுறைதான். கோடை உழவு மட்டும் ஓட்டுகிறோம்; அதில் மேலே வரும் கம்பளிப்புழுக் கூடுகளைக் கொக்கும் மைனாவும் தின்றுவிடும். வேப்பம்பழம் பொறுக்கிக் காயவைக்கும் வேலையும் தொடங்கும். 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ பருப்பு வேண்டும்.

ஆண்டுக் கணக்கு

சென்ற ஆண்டு மொத்த வரவு 1,04,600 ரூபாய். செலவு 72,300. மிச்சம் 32,300. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாமியார் தினமும் நிலத்துக்குப் போகிறாரே? அவருக்கு நாளுக்கு 300 ரூபாய் என்று போட்டுப் பாருங்கள். நூற்றெட்டாவது நாளில் மிச்சம் முழுவதும் தீர்ந்துவிடும். எட்டாம் வகுப்பு லாப நட்டக் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

என் சம்பளம்தான் இந்த நிலத்தின் பயிர்க் காப்பீடு. சம்பளம் இல்லாத குடும்பத்தைப் பார்த்து, "ஒரே நாளில் மாறுங்கள்" என்று நான் சொல்ல மாட்டேன். முறைப்படி சான்றிதழ் பெறவே பருவப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டு மாறுதல் காலம் இருக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளில் விளைச்சல் குறையலாம், விலையோ கூடாது. தமிழ்நாடு அரசு 2023-ல் வெளியிட்ட அங்கக வேளாண்மைக் கொள்கையும், நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து சொன்னதும் நம்பிக்கை தருகின்றன. ஆனாலும் பத்து செண்டில் தொடங்குங்கள் என்பதே பெற்றோருக்கு நான் சொல்வது.

விற்காத 20 செண்ட்

1 ஏக்கர் 20 செண்டில், 60-ம் 40-ம் போக மீதி 20 செண்ட் எங்கே என்று கணித ஆசிரியர்கள் யோசித்திருப்பீர்கள். அது கீழ்க்கழனி. சுத்திகரிப்பு நிலையங்கள் வருவதற்கு முன், பல ஆண்டுகள் ஓடைத் தண்ணீர் அதில்தான் பாய்ந்தது. அரசு தரும் மண்வள அட்டையில் கார அமிலத் தன்மை, உப்பு, தழை, மணி, சாம்பல், நுண்சத்துகள் எனப் பன்னிரண்டு அளவுகள் இருக்கும், குரோமியம் இருக்காது. கையடக்க மீட்டரும் உப்பை மட்டுமே காட்டும். ஆகவே தனியாகப் பணம் கட்டி ஆய்வகத்தில் பார்த்தோம். மேல்நிலத்தில் கவலைப்பட எதுவும் இல்லை. கீழ்க்கழனியில் குரோமியம் கூடுதலாக இருந்தது.

மண்ணில் தங்கும் மூன்றிணைதிறன் குரோமியம் எளிதில் நகராது. செடியின் வேரிலேயே பெரும்பாலும் நின்றுவிடும், காய்க்கு அதிகம் ஏறாது என்று பாடம் சொல்கிறது. அந்தப் பாடத்தைச் சொல்லி அங்கேயும் கத்தரி போட்டிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. சிறு விவசாயி நேரடியாக வீடுகளுக்கு விற்கும்போது சான்றிதழும் கட்டாயம் இல்லை. சட்டம் நம் சொல்லை நம்பி விட்டுவிட்டது.

மாமியாருக்கு இதில் மிகுந்த வருத்தம். "ஏம்மா, இந்தக் கழனிதான் மூணு தலைமுறைக்குச் சோறு போட்டுது. அதைப் போய்த் தரிசா போடறியே" என்றார். நான் முடிவைக் காட்டி, நம் பேரப்பிள்ளைகளுக்கு இதில் கீரை பறித்துக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு அவரே, "அப்போ புங்கன் வை. நெழலாவது இருக்கட்டும்" என்றார். இன்று அங்கே புங்கனும் வேம்பும் நிற்கின்றன. எங்களிடம் காய் வாங்கும் முப்பது வீட்டுக்கும் அந்த 20 செண்டைப் பற்றித் தெரியும். சொன்ன பிறகு இரண்டு வீடுகள் விலகின. மற்றவர்கள் நின்றார்கள்.

ஒரு கேள்வி

இந்த அளவுகளை எட்டாம் வகுப்பில் வரைபடமாக வரைய வைத்தபோது, ஒரு மாணவன் வகுப்பு முடிந்த பின் வந்து மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், எங்கப்பா டேனரியிலதான் வேலை செய்யறாரு. மண்ணு கெட்டது எங்கப்பாவாலயா?"

நம் பகுதியில் சூழலியல் பாடம் நடத்தும் எவரும் இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: "உங்கப்பா உழைக்கிறார். அவர் பதனிடும் தோலில் செய்த செருப்பும் பையும் உலகத்துக்கு வேண்டும். ஒரு கிலோ தோலுக்குச் சராசரியாக 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது, அதைச் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்பதுதான் கேள்வி. தொழில் வேண்டும், ஆனால் சூழலை அழிக்க அதற்கு உரிமை இல்லை என்றுதான் நீதிமன்றமும் சொன்னது. அதற்குத் தொழிலாளி பொறுப்பில்லை. நீ படித்துவிட்டு வந்து அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் வழி கண்டுபிடி." அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்த வாரம் அவன் அப்பா, தங்கள் வீட்டுக் கைபம்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொடுத்து அனுப்பியிருந்தார்.

வகுப்பறைக்கு

நீங்கள் நாளையே தொடங்கக்கூடியவை சில:

1. பள்ளித் தோட்டம் நான்கு பாத்தியாக இருந்தாலும் மாதம் ஒரு பக்கம் எழுதுங்கள். தொடக்கப் பள்ளியில் மழை நாட்களை எண்ணுவதே போதும். மேல்வகுப்பில் வரவு, செலவு, சராசரி, பட்டை வரைபடம்.

2. காய்ந்த பாத்தியையும் பூச்சி தின்ற இலையையும் பதிவு செய்யுங்கள். பார்வைக்கு வருபவர்களுக்காக நல்ல மாதத்தை மட்டும் வைத்திருக்க வேண்டாம்.

3. தண்ணீர் அளப்பதாக இருந்தால், எந்த வீட்டுத் தண்ணீர் என்ற பெயரைப் பலகையில் எழுதாதீர்கள். எண் போதும். மீட்டர் உப்பைத்தான் காட்டும், நஞ்சைக் காட்டாது என்பதையும் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். கழிவு கொட்டிய இடத்து மண்ணைத் தொட விடாதீர்கள்.

4. மண் மாதிரி எடுக்கக் கற்றுக் கொடுங்கள். நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்து இடங்களில், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவக் குழி வெட்டி, ஓர மண்ணைச் சுரண்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பாகங்களைக் கழித்து, அரை கிலோ ஆக்க வேண்டும். மாதிரி எடுத்தல் என்றால் என்ன என்பது அந்த அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

எங்கள் நோட்டைக் கொண்டு வந்திருக்கிறேன். பன்றி வந்த பக்கமும் வெள்ளம் வந்த பக்கமும் உட்பட எல்லாம் அதில் இருக்கின்றன. தேநீர் இடைவேளையில் புரட்டிப் பார்த்து, உங்கள் வகுப்புக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.